மாதா ஏன் பாலனைப் பார்ப்பதில்லை?

தருவைக்காரி கேட்கிறார்:

பெர்லினில் செவிலியராக வேலை செய்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். போன சனிக்கிழமை எட்டு மாத மகளை மார்போடு கட்டிக்கொண்டு போடே அருங்காட்சியகத்துக்குப் போனேன். வெளியே மழை. உள்ளே கதகதப்பாக இருக்கும் என்றுதான் நுழைந்தேன்.

அங்கே இத்தாலியச் சிற்பி டொனாடெல்லோ 1420களில் செதுக்கிய பளிங்குப் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. பாட்ஸி மடோன்னா என்கிறார்கள். முக்கால் மீட்டர் உயரம்தான். ஒரு சன்னலுக்குள் மாதாவும் பாலன் இயேசுவும். நெற்றியோடு நெற்றி, மூக்கோடு மூக்கு ஒட்டியிருக்கிறது. இருவர் தலையிலும் ஒளிவட்டம் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று நாம் நெற்றியை வைத்துப் பார்ப்போமே, அதே நிலை. ஆனால் மாதாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணுக்கு அவ்வளவு அருகில் இருக்கும் பிள்ளையை, எங்கோ தூரத்தில் இருப்பவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். மகள் தூங்கிவிட்டாள்.

அன்று இரவு எங்கள் ஊர் மாதா நினைவுக்கு வந்தாள். கையில் பாலன் இருக்கிறான்; ஆனால் அவளும் நம்மைப் பார்க்கிறாள், அவனும் நம்மைப் பார்க்கிறான். வேளாங்கண்ணியிலும் அப்படித்தான். நான் பார்த்து வளர்ந்த சுரூபங்களில், அதாவது கோயில் சிலைகளில், எந்த மாதாவும் பிள்ளையைப் பார்த்ததாக நினைவில்லை. இது ஏன்? குறையாகக் கேட்கவில்லை, மனதை அரிக்கிறது, அதனால் கேட்கிறேன்.

ஏட்டுக்கட்டு:

தங்கச்சி, பதில் நீங்கள் சிறுவயதிலிருந்து சொல்லிவரும் மன்றாட்டு மாலையிலேயே, மாதாவைப் பல பெயர்களால் அழைத்து வேண்டும் அந்தச் செபத்திலேயே இருக்கிறது. "ஞானத்துக்கு இருப்பிடமே" என்று சொல்கிறோம் இல்லையா? இருப்பிடம் என்றால் இங்கே இருக்கை. அது வெறும் புகழ்ச்சி இல்லை, ஒரு சிற்ப வகையின் பெயரே அதுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சின் ஓவெர்ன் பகுதியில் மரத்தில் நிறையச் செய்தார்கள். ஓர்சிவால் ஊர்க் கோயிலில் ஒன்று இன்றும் இருக்கிறது. மாதா நேராக உட்கார்ந்திருப்பாள், மடியில் பாலன் சின்ன அரசனைப்போல் நேராக உட்கார்ந்திருப்பான். அங்கே அவள் தாய் என்பதைவிட அரியணை. அரியணை, தன்மேல் அமர்ந்தவரைத் திரும்பிப் பார்க்காது. அவரை நமக்குக் காட்டும். உங்கள் ஊர் மாதாவும் அந்த வழியில் வந்தவள்தான்.

பிறகு மக்களின் பக்தி மாறியது. 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் பிரான்சிஸ் அசிசியார் மாடும் கழுதையும் வைத்துக் குடில் அமைத்தார். கடவுள் குளிரில் நடுங்கிய குழந்தையாக வந்தார் என்பதை மனம் உருகி நினைக்கும் பழக்கம் எங்கும் பரவியது. அதே நூற்றாண்டில் பிரான்சின் ஆமியான் பேராலயத்தின் தெற்கு வாசல் மாதா, இடுப்பைச் சற்று ஒடித்து நின்று, கையிலிருக்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு காலத்தில் பொன் பூசியிருந்ததால் அவளைப் பொன் மாதா என்கிறார்கள். கல்லில் தாயும் பிள்ளையும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பிய காலம் அது.

மாலைநடை:

பார்க்காமல் இருப்பதிலும் பாசம் உண்டு என்று எனக்குக் காட்டியது பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் இருக்கும் மைக்கேலாஞ்சலோவின் மாதா. பாலன் மடியில் இல்லை. அவள் முழங்கால்களுக்கு நடுவே நின்று, கீழே இறங்கப் போகிறான். அவள் பார்வை வேறெங்கோ தாழ்ந்திருக்கிறது. அவன் கை மட்டும் அவள் கைக்குள். இறுக்கிப் பிடிக்கவில்லை, விடவும் இல்லை. என் மகன் முதன்முதலாகப் படி இறங்கிய நாளில் என் மனைவியின் கை அப்படித்தான் இருந்தது.

உளிச்சத்தம்:

நாங்கள் மூன்று தலைமுறையாகச் சுரூபம் செய்கிறோம். ஏட்டுக்கட்டு ஐயா சொன்னது சரி. தொழில் பக்கமிருந்தும் ஒரு காரணம் உண்டு. சுரூபம் பீடத்தில் உயரத்தில் நிற்கும், திருவிழாவில் சப்பரத்தில் ஏறும். சனம் கீழே நின்று பார்க்கும். முகத்தை நிமிர்த்திச் செதுக்கினால் கீழே நிற்பவருக்குத் தாடைதான் தெரியும். அதனால் முகத்தைக் கொஞ்சம் குனித்து, முழங்காலில் இருப்பவர் கண்ணுக்கு எட்டும்படி பார்வை வைப்போம். அழுதுகொண்டு வருகிறவருக்கு அந்தப் பார்வை வேண்டும் அக்கா. அதைப் பிள்ளையின் பக்கம் திருப்பிவிட்டால் வந்தவர் வெளியே நிற்பதுபோல் ஆகிவிடும்.

அப்படியானால் பாசத்தை எங்கே வைப்பது? கையில் வைப்போம். வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் க்ரூம்லோவ் மாதா என்று ஒரு கற்சிலை இருக்கிறது, 1400 வாக்கில் செய்தது. படம் தேடிப் பாருங்கள். முகத்தை விடுங்கள், விரல்களைப் பாருங்கள். பாலனின் கொழுகொழு உடம்பில் விரல்கள் பதிந்திருக்கும். கல் என்றே தோன்றாது. இதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். விரல் பதிகிற இடத்தைக் குழித்தால் மட்டும் போதாது, அது ஓட்டைபோல் இருக்கும். விரலின் இருபுறமும் சதை பிதுங்கி மேடாக வரவேண்டும். அந்த மேட்டுக்கு வேண்டியதை முதல் நாளே மிச்சம் விட்டிருக்கவேண்டும். பின்னால் சேர்க்க முடியாது. என் அப்பா பாலனைச் செதுக்கும்போது முதலில் மாதாவின் விரல்களைக் கரியால் குறித்துவிட்டுத்தான் உளியைத் தொடுவார்.

உங்கள் ஊர் மாதாவுக்குச் சேலை சாத்துவார்களா? அப்படியானால் கை உள்ளே மறைந்திருக்கும். சேலை மாற்றும்போது யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

தருவைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஞானத்துக்கு இருப்பிடமே என்று எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன், ஒரு முறைகூட ஒரு நாற்காலியை நினைத்ததில்லை ஐயா.

உளிச்சத்தம் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மாதாவுக்குச் சேலை மாற்றும் பெண்களில் அம்மாவும் ஒருத்தி. அந்த நேரத்தில் கோயில் கதவைச் சாத்திவிடுவார்கள், சிறுபிள்ளைகளை விடமாட்டார்கள். "கையா? நல்லாத் தெரியுமே" என்றாள் அம்மா. பாலனின் இடது பாதம் மாதாவின் உள்ளங்கையில் இருக்கிறதாம். நான்கு விரல்கள் அடியில் தாங்க, பெருவிரல் மட்டும் பாதத்தின் மேல் மடங்கியிருக்கிறதாம். நான் என் மகளுக்குக் காலுறை போடும்போது பிடிக்கிற பிடி அது.

அந்த இடத்தில் மட்டும் வண்ணம் போய் மரம் தெரிகிறது என்றாள். ஏன் என்று கேட்டேன். புதுச் சேலை சாத்துவதற்கு முன்னால் பெண்கள் ஒவ்வொருவராக அந்தப் பெருவிரலையும் பாதத்தையும் சேர்த்து முத்தமிடுவார்களாம். அம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது என் பாட்டி.