புதுப்பிப்பு: தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான்

மனச்சிதைவுக்குச் சிகிச்சை பெறும் தம்பி, டிஸ்சார்ஜ் ஆன 18ஆம் நாளே மறுபடி அட்மிட் ஆனதைப் போன மாதம் எழுதியிருந்தேன். நோய் திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தோம். இல்லை, சர்க்கரை. 418! ராத்திரி முழுக்கச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்ததையும், "நாக்கு ஒட்டுதுக்கா" என்றதையும், டாக்டர் உட்பட எல்லாருமே மனநோய்க் கணக்கில் சேர்த்துவிட்டோம். அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

அவன் சாப்பிடும் ஒலன்சாபின் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடிய மாத்திரை. தொடங்கும்போது, 3 மாதத்தில், அப்புறம் வருடாவருடம் ரத்தப் பரிசோதனை வேண்டும். கேட்டு வாங்குங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது தண்டையார்பேட்டையிலிருந்து காசிமேடு வரை காலையில் இருவரும் நடக்கிறோம். நேற்று வெறும் வயிற்றில் 132.