மதியம் 3 மணி மந்தம்: சோறா, தூக்கமா?

வேளச்சேரி வாசு:
எனக்குக் கணக்கு எழுதும் வேலை. மதியம் 3 மணியானால் 4,560 என்று இருப்பதை 4,650 என்று அடித்துவிடுவேன். மாதக் கடைசியில் அந்தத் தப்பைத் தேடியே ராத்திரியாகிவிடும். தை மாதத்திலிருந்து டிபன் பாக்ஸில் சோற்றைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குச் சுண்டலும் கீரையும் வைத்துக்கொள்கிறேன். இரண்டே வாரத்தில் தலை தெளிந்துவிட்டது. டப்பா நிறைய சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டால் மூளை எப்படி ஓடும்? சோறுதான் காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

பாலா, பெசன்ட் நகர்:
வாசு சார், இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மதியம் சாப்பிடாதவருக்கும் அந்த நேரத்தில் கண் சொக்கும். உடம்புக் கடிகாரத்தின் போக்கே அப்படி. அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2017 மருத்துவ நோபல். ராத்திரி நன்றாகத் தூங்கியவருக்கு அது ஒரு கொட்டாவியோடு போய்விடும். நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? சாயங்காலக் காபி உண்டா?

வேளச்சேரி வாசு:
படுக்க 12 ஆகும், எழுந்திருப்பது 5.30. காபி 6 மணிக்கு, ஆபீஸ் விட்டதும். ஆனால் நான் தூக்கத்தில் கை வைக்கவே இல்லையே, சோற்றைத்தானே மாற்றினேன்? பலன் எங்கிருந்து வந்தது?

பாலா, பெசன்ட் நகர்:
சுண்டலால் ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தினமும் ஒன்றரை மணி நேரத் தூக்கத்தைக் கடனில் விட்டிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற ரசாயனம் சேர்ந்துகொண்டே வந்து தூக்கத்தைத் தள்ளும். காபி அதைக் கரைப்பதில்லை, மறைக்கத்தான் செய்யும். காபியில் இருக்கும் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். 6 மணிக் காபியில் பாதி 11 மணிக்கும் உள்ளே இருக்கிறது. மதியம் 2 மணியோடு காபியை நிறுத்திப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

நந்தினி, பெரம்பூர்:
"நேரத்தோடு படு" என்று சொல்வது பகல் வேலைக்காரர்களுக்குச் சுலபம். எனக்கு ஓஎம்ஆரில் நைட் ஷிப்ட். கேப் வீட்டில் விடும்போது மணி 4.30. ஜன்னலில் கெட்டிப் போர்வையைக் கட்டிவிட்டுப் படுத்தாலும், 7 மணிக்குக் குப்பை வண்டிப் பாட்டு வந்துவிடும். முன்பு ராத்திரி 1 மணிக்குப் பரோட்டா சாப்பிடுவேன். இப்போது வீட்டிலேயே சாப்பிட்டுக் கிளம்பி, 1 மணிக்கு மோரும் ஒரு பழமும்தான். வயிறு லேசாயிற்று, தலை முழுசாகத் தெளியவில்லை. ஷிப்ட் மாற்றம் கேட்டு மூன்று முறை மெயில் போட்டேன், பதிலே இல்லை.

பாலா, பெசன்ட் நகர்:
நந்தினி மேடம், லீவு நாளிலும் அதே நேரத்தில் தூங்கினால் உடம்பு கொஞ்சம் பழகும்.

நந்தினி, பெரம்பூர்:
ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் தூங்கினால் என் பிள்ளைகள் அம்மாவை எப்போது பார்ப்பார்கள் சார்?

மங்களம், மயிலாப்பூர்:
தம்பிகளா, என் அனுபவத்தையும் கேளுங்கள். 9.30க்குப் படுப்பேன், அளவாகச் சாப்பிடுவேன். அப்படியும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவேன். வயசாகிவிட்டது என்றே விட்டிருந்தேன். ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் பி12 வைட்டமின் அடிமட்டத்தில் இருந்தது. நான் சுத்த சைவம், 11 வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வேறு. அந்த மாத்திரை நாளாவட்டத்தில் பி12-ஐக் குறைக்குமாம். ஊசி போட்ட பிறகு மூன்று மாதத்தில் நிறைய மாற்றம். ரத்தசோகை இருந்தாலும் இப்படி மந்தம் வரும் என்றார் டாக்டர். சோறா தூக்கமா என்று சண்டை போடுவதற்கு முன்னால் ரத்தத்தைப் பாருங்கள்.

வேளச்சேரி வாசு:
அம்மா, என் அப்பாவும் 8 வருஷமாக அதே மாத்திரைதான். தினமும் சாவியைத் தேடுகிறார். சனிக்கிழமை ரத்தம் கொடுக்க அழைத்துப்போகிறேன். பாலா சார், 6 மணிக் காபியை இன்றோடு விட்டேன். ஆனால் சோறு விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். இந்த மாதக் கடைசிக் கணக்கை முடித்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.