தாலி இல்லாமல் சேர்ந்து வாழும் உறவுக்கு மரியாதையான தமிழ்ச் சொல் வேண்டும்

வணக்கம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கானது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன்: தாலி கட்டாமல், பதிவும் செய்யாமல், கணவன் மனைவி போலவே ஒரே வீட்டில் வாழும் உறவு.

சட்டத்தின் 2(எஃப்) பிரிவு இப்படி வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. 'திருமணத்தின் தன்மையிலான உறவு' என்று எழுதி வாசித்துக் காட்டினேன், யாருக்கும் புரியவில்லை. 'சேர்ந்து வாழ்தல்' என்றால், பிரிந்த தம்பதி திரும்பச் சேர்வது என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'லிவிங் டுகெதர்' இளம்பெண்களுக்குத் தெரிகிறது, அவர்களுடைய அம்மாக்களுக்குத் தெரியவில்லை. 'திருமணம் தாண்டிய உறவு' என்றால் பொருளே மாறிவிடும்.

'வைப்பாட்டி', 'கீப்' இரண்டும் வேண்டவே வேண்டாம். கோவையில் தொடங்கிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தந்த தீர்ப்பிலேயே 'கீப்' என்று வந்தது. அப்போதைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் அதை எதிர்த்தார். அடிபட்டு உதவி தேடி வருகிற பெண் இதை வாசித்தால் படியேறவே தயங்குவாள்.

அகராதிச் சொல் தேவையில்லை, வாயில் புழங்கும் சொல்தான் வேண்டும். உங்கள் ஊரில், அந்தப் பெண்ணின் மரியாதை குறையாமல், இந்த உறவை எப்படிச் சொல்கிறார்கள்?