குக்-ஆஃப்: 'சமையல் போட்டி'ன்னு சொன்னா போதுமா?

நண்பர்களே, நம்ம கலைச்சொல் பட்டியல்ல குக்-ஆஃப் (cook-off)ங்கிற இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழ்ல சமையல் போட்டின்னே போட்டுட்டு போயிடலாம்னு சிலர் சொல்றீங்க, எனக்கு அது ஒப்பல. வீட்ல இருந்தபடியே குறிப்பு எழுதி அனுப்புறதும் சமையல் போட்டிதான், ஆளுக்கொரு பதார்த்தம் செஞ்சு மேசையில கொண்டாந்து வைக்கிறதும் சமையல் போட்டிதான். குக்-ஆஃப்ல அப்படியில்ல, ஒரே இடம், ஒரே நேரம், பெரும்பாலும் ஒரே பதார்த்தம், யாரு செஞ்சது ஒசத்தின்னு அங்கேயே முடிவு கட்டணும். ப்ளே-ஆஃப், ஃபேஸ்-ஆஃப்ல ஒட்டிக்கிட்டிருக்கிற, நேருக்கு நேர் மோதுறதைச் சொல்ற அதே ஆஃப்தான் இது.

1967ல டெக்சஸ்ல டெர்லிங்குவாங்கிற இடத்துல நடந்த சில்லி (மிளகாய் போட்ட கறிக்குழம்பு) குக்-ஆஃபை எடுத்துக்குங்க. எழுதிப் பிழைக்கிறவங்க ரெண்டு பேர், ஹெச். ஆலன் ஸ்மித், விக் ஃபவுலர், சில்லி வைக்கிறதுல யாரு கெட்டின்னு மோதிக்கிட்டாங்க. மூணு நடுவர்ல ரெண்டு பேர் ஓட்டு ஆளுக்கொண்ணா பிரிஞ்சுது, மூணாமத்தவர் நாக்கே மரத்துப்போச்சுன்னு கைய விரிச்சுட்டார், சமன்ல முடிஞ்சுது :-)

குக்-ஆஃப்க்கு அடுபோர், அடுகளம்னு வைக்கலாமான்னா, ரெண்டும் கேக்க நல்லாத்தான் இருக்கு. 'அடு'ன்னா சமைக்கிறதும் உண்டு, கொல்றதும் உண்டு, சிலேடை அம்சமா அமையுது. ஆனா அடுகளம்னா ஏற்கெனவே போர்க்களம், அறிவிப்புல அப்படிப் போட்டா கரண்டியோட ஒருத்தரும் வரமாட்டாங்க.

என்னோட பரிந்துரை கைப்பக்குவப் போட்டி. எல்லாரும் ஒரே பதார்த்தத்தைச் செய்யும்போது மாறுறது என்ன, கைப்பக்குவம் மட்டும்தானே? அகராதி பாக்காமயே எல்லாருக்கும் புரியும், 'ஒரு கை பாத்துடலாம்'ங்கிற தொனியும் உள்ள கேக்குது, சமையல்ங்கிற சொல் இல்லாததால பேக்-ஆஃப்க்கும் (bake-off, கேக், ரொட்டி மாதிரி அடுமனைப் பதார்த்தப் போட்டி) இதையே வச்சுக்கலாம். ஆனா பேக்-ஆஃப் எங்கெல்லாம் பேரா வருதோ அங்க கை வைக்காதீங்க, அப்படியே ஒலிபெயர்த்துடுங்க. 1949ல தொடங்கின, பில்ஸ்பரிங்கிற அமெரிக்க மாவு கம்பெனி போட்டியோட வணிகக்குறி அது, அதனாலதான் பிரிட்டன்ல பேக் ஆஃப்னு ஓடுற டிவி நிகழ்ச்சி அமெரிக்காவுல பேக்கிங் ஷோன்னு வேற பேர்ல வருது.

கம்ப்யூட்டர்காரங்க சொல்ற பேக்-ஆஃப் தனி. 1987லயே டிசிபி/ஐபி (இணையத்துல கம்ப்யூட்டர்கள் பேசிக்கிற நெறிமுறை) செயலாக்கங்கள ஒண்ணோட ஒண்ணு பேச வச்சுப் பாக்குறதுக்கு அந்தப் பேர்ல ஒரு ஆர்எஃப்சி (இணையத் தொழில்நுட்ப ஆவணம்) வந்திருக்கு, அங்க கைப்பக்குவம் ஒட்டாது, இயைபுச் சோதனைன்னு போடலாம்.

இன்னொண்ணு, படைத்துறையிலயும் குக்-ஆஃப் இருக்கு. தொடர்ந்து சுட்டுச் சுட்டு துப்பாக்கி கொதிச்சுப்போய், விசையத் தொடாமயே உள்ள இருக்கிற தோட்டா சூட்டுல தானா வெடிக்கிறது. அதைப் பட்டியல்ல தனிப் பதிவா ஏத்துங்க, இல்லன்னா பீரங்கிக் கையேட்டுல எவனாவது சமையல் போட்டின்னு மொழிபெயர்த்து வச்சிருவான். சூட்டு வெடிப்புன்னு போடலாமான்னு யோசிச்சேன், துப்பாக்கிச் சூட்டோட குழம்பும், அதனால வெப்பத் தன்வெடிப்பு. இதைவிடச் சின்னதா யாராவது சொன்னா அதையே எடுத்துக்கலாம்.