செல்லாச் சான்று விதி

சட்டத்தை மீறித் திரட்டிய சான்றைக் குற்ற வழக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்னும் அமெரிக்க நெறிக்கு (exclusionary rule) ‘விலக்கு விதி’ என்ற சொல்லை நண்பர் முன்வைத்திருக்கிறார். சுருக்கமான சொல்தான், ஆனால் படிப்பவர் மனத்தில் அது ‘விதிவிலக்கு’ என்றே பதியும். அந்த நெறிக்கே விதிவிலக்குகள் உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். சோதனை ஆணையில் குறை இருந்தது பின்னர் தெரியவந்தாலும், அதை நல்லெண்ணத்தோடு நம்பிச் சென்ற காவலர் கண்டெடுத்தவற்றை ஏற்கலாம் என்று 1984-இல் லியோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை ‘விலக்கு விதியின் விதிவிலக்கு’ என்று எழுதினால் சட்ட மாணவர் திணறிப்போவார்.

‘சான்று மறுப்பு’ என்பதும் பொருந்தாது. மறுப்பு என்றாலே சான்று பொய் என்ற எண்ணம் வந்துவிடும். இங்கே அதன் உண்மையை யாரும் ஐயுறவில்லை. 1957-இல் கிளீவ்லாந்தில் டால்ரீ மேப் என்ற பெண்ணின் வீட்டுக்குள் நுழைந்த காவலர்கள் ஒரு தாளை உயர்த்திக் காட்டி, அதுவே ஆணை என்றார்கள். அவர் அதைப் பறித்துத் தம் உடைக்குள் செருகிக்கொள்ள, கைகலந்து மீட்டார்கள். விசாரணையில் அப்படி ஓர் ஆணை முன்வைக்கப்படவே இல்லை. கண்டெடுத்த ஆபாச நூல்கள் மெய்யானவைதான். எடுத்த வழியே தவறு. 1961-இல் அவர்மீதான தண்டனை நீக்கப்பட்டதோடு, இந்நெறி மாநில நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்றாயிற்று.

ஆகவே ‘செல்லாச் சான்று விதி’ என்பதை முன்மொழிகிறேன். செல்லாத வாக்கும் வாக்காளர் கையால் இட்டதே, ஆனால் எண்ணிக்கையில் சேராது. அந்தப் பொருள் நுட்பம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தாமே கூண்டேறிப் பொய் சொன்னால் அதை முறியடிக்க இதே சான்று பயன்படலாம் என்பதால், ‘செல்லா’ என்பது சற்றே மிகை என்ற எதிர்வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த மிகையை விளக்கக் குறிப்பில் சரிசெய்துவிடலாம். விதிவிலக்கோடு நேரும் மயக்கத்தை அப்படித் தீர்க்க முடியாது.

தொடர்புடைய மற்றொரு சொல்லும் வேண்டும். 1920-இன் சில்வர்தோர்ன் வழக்கில், முறைகேடாக அள்ளிய ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்த அரசு, எடுத்துவைத்த நகல்களைக் கொண்டே அவற்றை மீண்டும் கேட்டது. நீதிமன்றம் இடம் தரவில்லை. இப்படி வழிவழியாகக் கிடைப்பதை 1939-இல் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் நச்சு மரத்தின் கனி என்றார். ‘நச்சு மரம் பழுத்தற்று’ என்ற குறள் தொடர் நம்மிடம் இருக்கையில், ‘நச்சுமரக் கனி’ என்றே வைத்துக்கொள்ளலாம்.