ஈமேக்ஸ்: சொந்த அவுட்லைன் மோடில் நிலைகள் குழம்புகின்றன. தொடர்ந்து பராமரிப்பதா, ஆர்குக்கு மாறுவதா?

தக்கலை_வயல்:

வணக்கம். நாங்கள் நாலைந்து பேர் வயல் குறிப்புகளை ஈமேக்ஸ் என்ற உரைத் திருத்தியில் எழுதி வருகிறோம். அதற்கென்று ஒரு சின்ன மோடை (இந்தக் கோப்புகளை ஈமேக்ஸ் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் நிரலை) என் பெரியம்மா மகன் அண்ணன் எழுதிக் கொடுத்தார். அவர் இப்போது வெளிநாட்டு வேலையில் இருப்பதால் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எங்கள் தலைப்புகள் நட்சத்திரக் குறியில் இல்லை, சொல்லிலேயே இருக்கின்றன. "வயல் குளத்தடி" முதல் நிலை, அதற்குள் "பருவம் கன்னிப்பூ" அல்லது "பருவம் கும்பப்பூ", அதற்குள் "வேலை நாற்று நடவு", "வேலை களையெடுப்பு" என்று போகும். கணினி பழகாத மாமாகூட அச்செடுத்துக் கொடுத்தால் தடுமாறாமல் படிக்கிறார், அதனால் இந்த அமைப்பை விட எனக்கு மனசில்லை.

அண்ணன் தலைப்புக்குக் கீழ் உள்ளதை மடித்து மறைக்கும் ஈமேக்ஸின் பழைய அவுட்லைன் நிரலில் பாதியை நகலெடுத்து அதற்குள் தன் மாற்றங்களைச் செய்திருக்கிறார். கம்பைல் செய்தால் எச்சரிக்கையாகக் கொட்டுகிறது. அந்த நகலை நீக்கிவிட்டு ஈமேக்ஸோடு வரும் அவுட்லைன்-மோடையே அடிப்படையாக வைத்துப் பார்த்தேன். மடிப்பு வேலை செய்கிறது, ஆனால் வயலை மடித்தால் பருவம் மட்டும் மறைகிறது, வேலைகள் எல்லாம் வெளியே நிற்கின்றன. "வேலையாட்கள் மழையால் வரவில்லை" என்று உள்ளே எழுதிய சாதாரண வரியும் தலைப்பாகிவிடுகிறது. இதைச் சரிசெய்து வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் ஆர்க்-மோடு என்ற பெரிய குறிப்பு மோடுக்கு மாற்றுவதா? யாராவது விவரமாகச் சொன்னால் நல்லது.

நாகர்கோவில்_பார்த்தவர்:

தம்பி, நகலை நீக்கியது சரியான முடிவு. அடுத்தவர் நிரலை நகலெடுத்து வைத்தால் அங்கே பிழை திருத்தும்போதெல்லாம் நாமும் திருத்த வேண்டும், அதை யாரும் செய்ய மாட்டார்கள்.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம் இதுதான். அவுட்லைன் ஒரு தலைப்பின் நிலையை முதலில் அவுட்லைன்-ஹெடிங்-அலிஸ்ட் என்ற பட்டியலில் தேடும், அதில் இல்லையென்றால் ரெஜெக்ஸ் (தலைப்பை அடையாளம் காட்டும் உரை வடிவம்) பொருந்திய பகுதியில் எத்தனை எழுத்துக்குறிகள் என்று எண்ணி அதையே நிலையாக எடுத்துக்கொள்ளும். நட்சத்திரக் குறிக்கு அது அழகாகப் பொருந்தும், ஒன்று, இரண்டு, மூன்று. தமிழ்ச் சொல்லில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். "வயல்" என்பதில் வ, ய, ல, புள்ளி, ஆக 4. "பருவம்" 6. "வேலை" என்பதில் வகரம், ஏகாரக் குறி, லகரம், ஐகாரக் குறி, அதுவும் 4. ஆக வயலும் வேலையும் ஒரே நிலை, பருவம் இரண்டுக்கும் கீழே. வயலை மடித்தால் அடுத்த 4 வரும் வரைதான் மறையும், அதாவது முதல் வேலை வரை. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

அந்தப் பட்டியலில் வயலுக்கு 1, பருவத்துக்கு 2, வேலைக்கு 3 என்று கொடுங்கள். ஆனால் ரெஜெக்ஸ் பொருத்திய உரையும் பட்டியலில் உள்ள சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ரெஜெக்ஸில் சொல்லுக்குப் பின் இடைவெளியையும் சேர்த்திருந்தால் பட்டியலிலும் அந்த இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி எண்ணத் தொடங்கிவிடும்.

வேலையாட்கள் பிரச்சினைக்கு இடைவெளி மட்டும் போதாது, "வேலை இல்லை, நல்ல மழை" என்று யாராவது ஒரு வரி எழுதுவார்கள். தலைப்புச் சொல்லோடு முக்காற்புள்ளி ஒட்டிவிடுங்கள். "வேலை: நாற்று நடவு". படிக்கிறவருக்கும் உறுத்தாது. பழைய கோப்புகளை மாற்ற, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு மாற்றும் குவெரி-ரிப்ளேஸ்-ரெஜெக்ஸ்ப் போதும். மொத்தமாக மாற்றினால் உள் வரிகளும் சிக்கும்.

இதெல்லாம் சேர்ந்தாலும் மோட் ஒரு பக்கத்தைத் தாண்டாது. இருக்கும் மோடிலிருந்து புதியதை உருவாக்கும் டிஃபைன்-டிரைவ்ட்-மோட் ஒன்று, அதற்குள் ரெஜெக்ஸும் பட்டியலும்.

கோட்டாறு_அக்கா:

நான் ஆர்க் பக்கம், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியல் ஆய்வாளர் 2003-இல் அவுட்லைன்-மோடின் மேல் கட்டத் தொடங்கியதுதான் ஆர்க், 2007-இல் ஈமேக்ஸ் 22 வந்தபோது அதோடு சேர்ந்தே வந்தது. பிறகு பாஸ்டியன் கெரி பொறுப்பெடுத்தார், இப்போது ஈகோர் ராட்சென்கோ. எழுதியவர் விலகிய பிறகும் இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய காரணம். அட்டவணை, தேதி, எச்டிஎம்எல், பிடிஎஃப் எல்லாம் கைக்கு வரும்.

ஆனால் ஆர்குக்கு மாறினால் பராமரிப்பே இல்லை என்று நினைக்காதீர்கள் தம்பி. ஆர்க் 9.2-இல் கோண அடைப்புக்குறியோடு (<) எஸ் தட்டி டேப் அழுத்தினால் விரியும் வசதியை ஆர்க்-டெம்போ என்ற தனித் துண்டுக்கு நகர்த்தினார்கள், 9.5-இல் தலைப்புக்குக் கீழ் உரை தானாக உள்தள்ளும் இயல்பு அமைப்பு மாறியது. விரலுக்குப் பழகியது திடீரென்று வேலை செய்யாமல் போனால் மாமா மாதிரி ஆட்களுக்கு அதை விளக்குவது நீங்கள்தான். ஈமேக்ஸோடு வந்த ஆர்க் ஒன்று, நீங்கள் தனியாக நிறுவியது ஒன்று என்று இரண்டும் கலந்து ஏறினால் பதிப்பு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையும் வரும்.

இன்னொன்று தமிழுக்கே உரியது. ஆர்கில் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கி அதோடு வேற்றுமை உருபை ஒட்டினால் தடிமன் வராது, ஏனென்றால் முடிவுக் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தக்குறியோ எதிர்பார்க்கிறது. மட்டி என்ற வாழைப் பெயரை மட்டும் தடிமனாக்கி "மட்டியின் தார்" என்று எழுத முடியாமல் ஒருபாடு சிரமப்பட்டிருக்கிறேன். அகலமில்லாத இடைவெளியை நடுவில் வைக்கும்படி ஆர்க் கையேடே சொல்கிறது, கன்ட்ரோல்-எக்ஸ், 8, என்டர் அழுத்தி அதன் ஆங்கிலப் பெயரைக் கொடுத்தால் வரும். கண்ணுக்குத் தெரியாத குறியைக் கோப்பு முழுக்கத் தூவுவது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் வேறு நல்ல வழி இல்லை.

ஆக, வெளியே பிடிஎஃப் கொடுக்க வேண்டும், தேதிவாரியாகப் பார்க்க வேண்டும் என்றால் ஆர்க். மடித்துப் படிப்பது மட்டும் போதும் என்றால் உங்கள் மோடே நல்லது.

குலசேகரம்_பால்வெட்டு:

எங்கள் ரப்பர் தோட்டக் கணக்கும் இதே மாதிரி சொல் தலைப்பில்தான், அதனால் சொல்கிறேன். மேலே நாகர்கோவில் அண்ணன் சொன்ன முறை சரி, ஆனால் "தோட்டம்" மாதிரிச் சொல் தலைப்பில் வந்தால் கவனம் வேண்டும். ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ரெஜெக்ஸுக்கு வேறு வேறு. பழைய எழுத்துரு மாற்றியிலிருந்து வந்த கோப்பில் தலைப்பு மடியவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். கர்சரை அங்கே வைத்து கன்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அழுத்தினால் எந்தக் குறி என்று காட்டும். கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து யூசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜன் என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

கம்பைல் எச்சரிக்கைகளைப் பற்றி: சிஎல் என்ற பழைய நூலகத்தை அழைக்கும் ரிக்வெயர் சிஎல் என்று இருந்தால் சிஎல்-லிப் என்று மாற்றுங்கள், பழையது ஈமேக்ஸ் 27.1 முதல் வழக்கொழிந்தது. ஹைட்-சப்ட்ரீ, ஷோ-ஆல் போன்ற பெயர்களுக்கு முன்னால் ஈமேக்ஸ் 25-இலேயே அவுட்லைன் என்று சேர்த்துவிட்டார்கள், புதுப் பெயரையே எழுதுங்கள். முதல் வரியில் லெக்ஸிகல்-பைண்டிங் குறிப்பு இல்லையென்றால் ஈமேக்ஸ் 30 எச்சரிக்கை காட்டும்.

யாரிடம் எந்த ஈமேக்ஸ் பதிப்பு இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உபுண்டு 22.04-இல் 27.1, டெபியன் 12-இல் 28.2, உபுண்டு 24.04-இல் 29.3 வருகிறது. டேப் அழுத்தினால் சுற்றிச் சுற்றி மடியும் அவுட்லைன்-சைக்கிள் 28-இல்தான் வந்தது.

அப்புறம் ஒரு சோதனைக் கோப்பு வையுங்கள். பெரிதாக வேண்டாம், ஒரு வயல், இரண்டு பருவம், மூன்று வேலை, "வேலையாட்கள்" என்று தொடங்கும் ஒரு வரி. ஈமேக்ஸின் சோதனைக் கருவியான இஆர்டி-யில் அந்தக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு தலைப்பின் நிலையும் சரியா, அந்த வரி தலைப்பாகவில்லையா என்று பார்க்க வையுங்கள். மோடில் எதைத் தொட்டாலும் சொந்த அமைப்பு எதுவும் ஏறாமல் ஈமேக்ஸை ஹைஃபன்-க்யூவோடு திறந்து அதை ஓட்டுங்கள். நிரலை நாளைக்கே திரும்ப எழுதலாம், நாலு பேர் எழுதி வைத்த கோப்பு திறக்காமல் போகக்கூடாது.

தக்கலை_வயல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பட்டியலும் முக்காற்புள்ளியும் வைத்ததும் நிலைகள் சரியாகிவிட்டன, வயலை மடித்தால் முழுவதும் மடிகிறது. அக்கா சொன்னபடி யோசித்தேன், எங்களுக்கு பிடிஎஃப் தேவைப்படவில்லை, மோடையே வைத்துக்கொள்கிறேன். மாமாவின் கணினியில் உபுண்டு 22.04. அவருக்கு டேப் வேண்டும், என்ன செய்வது?

குலசேகரம்_பால்வெட்டு:

ஒரு கட்டளை இருக்கிறதா என்று சொல்லும் எஃப்பவுண்ட்-பி வைத்து அவுட்லைன்-சைக்கிள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டேப்பை அதோடு கட்டுங்கள், இல்லாவிட்டால் அவுட்லைன்-டாகிள்-சில்ட்ரன். அது 27-இலும் உண்டு, திறக்கும் மூடும், மாமாவுக்கு அது போதும்.