கர்சர் துள்ளுது, அவசரம்

தலவாக்கலை_99: புது லெப்டொப், 1.2 கிலோ. கர்சர் தன்பாட்டுல துள்ளுது, அடிக்கிற எழுத்து வேற வரியில விழுது. நாளைக்கு அசைன்மென்ட் குடுக்கணும். என்ன செய்ய?

ஊவா_சின்னவன்: மொடல் என்ன? விண்டோஸ் 10ஆ, 11ஆ?

ஹட்டன்_திருத்துநர்: பேட்டரி ஊதியிருக்கும். மேசையில வச்சு மூலைய அமத்துங்க. ஆடினாலோ, டச்பேட் ஓரம் எழும்பி க்ளிக் இறுகியிருந்தாலோ சார்ஜ் போடாதீங்க.

பழைய_கை: புதுசுன்னு எழுதியிருக்காரே, வாசிக்க மாட்டீங்களா? தம்பி, நீங்களும் மொடல், விண்டோஸ், எந்த நேரத்துல வருது, மூணையும் சொல்லாம யாரும் பதில் சொல்ல ஏலாது.

ஊவா_சின்னவன்: உள்ளங்கை படுதோ தெரியல. விண்டோஸ் 11னா செட்டிங்ஸ், புளூடூத் அன்ட் டிவைசஸ், டச்பேட் போய் சென்சிட்டிவிட்டிய ‘லோ’ ஆக்கிப் பாருங்க.

தலவாக்கலை_99: 11தான். ‘லோ’ வச்சும் அப்படியே. பொடி (வெளிக்கூடு) அலுமினியம். சார்ஜர கழட்டினா நல்லா இருக்கு, இப்பதான் கவனிச்சேன். சார்ஜர் ரெண்டு பின். கை வச்சா சுரசுரன்னு இருக்கு.

பழைய_கை: இத முதல்லயே சொல்லியிருக்கணும். சார்ஜருக்கு எர்த் (கசியிற மின்சாரத்த நிலத்துக்கு இறக்கிற வயர்) இல்ல, அதுதான் காரணம். சார்ஜருக்குள்ள இரைச்சல அடக்க, மெயின்ஸ் (சொக்கட் மின்சாரம்) பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவுல சின்ன கெபாசிட்டர் (மின்னேற்றம் தேக்கிற பாகம்) ஒண்ணு இருக்கும். அது வழியா 230 வோல்ட்ல இருந்து துளிக் கசிவு பொடிக்கு வருது, சுரசுரப்பு அதுதான். டச்பேட் விரலோட கொள்ளளவத்த (மின்னேற்றம் தேக்கிற அளவ) அளந்துதான் இடம் பிடிக்குது. பொடியோட மின்னழுத்தமே ஆடினா அந்தக் கணக்கு குழம்பிரும். மத்தக் கையால பொடிய தொட்டுக்கிட்டே விரல ஓட்டுங்க, துள்ளல் குறைஞ்சா உறுதி. இன்னைக்கு பேட்டரியிலயே எழுதுங்க. பிறகு அதே வோல்ட், வாட் குறையாத மூணு பின் சார்ஜர் வாங்குங்க.

ஹட்டன்_திருத்துநர்: சொக்கட்டையும் பாருங்க. பழைய தோட்டத்து லைன் வீடுகள்ல மூணு ஓட்டை இருந்தாலும் பின்னால எர்த் வயர் இல்லாம இருக்கலாம். எலக்ட்ரீஷியன் மீட்டர் வச்சுப் பார்க்கட்டும். நியூட்ரல் வயர எர்த் ஓட்டையோட இணைச்சு விடாதீங்க. நியூட்ரல் அறுந்தா பொடி முழுக்க 230 வோல்ட் ஏறும்.

ஊவா_சின்னவன்: அடுத்த தடவ கீபோர்ட் நடுவுல கர்சர நகத்துற சிவப்புக் குமிழ் வச்ச திங்க்பேட் லெப்டொப் எடுங்க, டச்பேட அணைச்சே வைக்கலாம். கீயும் ஆழமா இறங்கும்.

பழைய_கை: ஆழம் மட்டும் போதாது. கீ 1.5 மிமீ இறங்கினாலும் கீபோர்ட் அடித்தட்டு குழிஞ்சா எழுத்து விடுபடும். கடையிலயே ஜி, எச் கீ பக்கம் அமத்திப் பாருங்க.

ஊவா_சின்னவன்: தட்டு இறுக்கமா இருந்தாலும் 1 மிமீல ரெண்டு மணித்தியாலம் அடிச்சா விரல் நோகும் அண்ணே.

தலவாக்கலை_99: சார்ஜர கழட்டிட்டு அடிக்கிறேன், துள்ளல் இல்ல. நன்றி அண்ணே.